ட்ரோன் கூட்டத்தை வீழ்த்தும் நுண்ணலை: திருப்புவதில்தான் சூட்சுமம்

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், கேம்ப் ஆட்டர்பரி ராணுவத் தளத்தில் நடந்த செயல்விளக்கத்தில் 49 ட்ரோன்கள் ஒரே நேரத்தில் செயலிழந்து விழுந்தன. குண்டு வெடிக்கவில்லை, ஏவுகணையும் பாயவில்லை. எபிரஸ் நிறுவனத்தின் ‘லியோனிடாஸ்’ கருவி வீசிய உயர்திறன் நுண்ணலைதான் அவற்றை வீழ்த்தியது.

ட்ரோன் ஏன் விழுகிறது?

அதன் வயர்களும் மின்சுற்றுத் தடங்களும் தாமாகவே ஆன்டெனா போல் நுண்ணலையை உள்வாங்குகின்றன. அப்போது எழும் மின்னழுத்தத்தில் சிப்கள் தடுமாறும் அல்லது கருகும்.

நுண்ணலைக் கற்றையைத் திருப்புவதில் என்ன சிக்கல்?

வெற்றிடக் குழாய்களால் ஜிகாவாட் அளவு துடிப்புகளை உருவாக்க முடியும். ஆனால் அவற்றை வீசும் பெரிய ஆன்டெனாவை மோட்டார் வைத்துத்தான் திருப்ப வேண்டும். பல திசைகளில் பாய்ந்து வரும் ட்ரோன்களுக்கு அந்த வேகம் போதாது. மின்னணு முறையில் திருப்பலாம் என்றால், அவ்வளவு திறனைத் தாங்கும் பாகங்கள் அரிது. மின்புலம் மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட்டை எட்டினால் காற்றே மின்கடத்தியாகிவிடும். ஆன்டெனா முகப்பிலேயே பொறி பறந்து ஆற்றல் வீணாகும்.

தீர்வு என்ன?

திறனைப் பல சிறு ஆன்டெனாக்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான். ஒவ்வொன்றுக்கும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரால் ஆன தனிப் பெருக்கி உண்டு. எல்லாம் ஒரே கணத்தில் அலை வீசினால் கற்றை நேரே செல்லும். வரிசையாகச் சற்றுத் தாமதித்து வீசினால் சாயும். எடுத்துக்காட்டாக, 3 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 10 செ.மீ. ஆன்டெனாக்கள் 5 செ.மீ. இடைவெளியில் இருந்தால், கற்றையை 30 டிகிரி சாய்க்க அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே ஒரு நானோ நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு தாமதமே போதும். எதுவும் அசைய வேண்டியதில்லை. சில பெருக்கிகள் பழுதானாலும் மற்றவை வேலையைத் தொடரும்.

குறைகள் இல்லையா?

உண்டு. அதிகம் சாயச் சாயக் கற்றையின் வலு குறையும். ஓரங்களில் கசியும் பக்கக் கற்றைகள் சொந்தப் படையின் கருவிகளையே பாதிக்கலாம். தூரம் இரு மடங்கானால் ஆற்றல் அடர்த்தி நான்கில் ஒரு பங்காகும். பிரிட்டன் ராணுவம் வேல்ஸில் சோதித்த இதே வகைக் கருவிக்கு ஒருமுறை சுட ஆகும் செலவு வெறும் 10 பென்ஸ். ஆனால் எட்டும் தூரம் சுமார் 1 கி.மீ.தான்.

ஆகவே இது ஏவுகணைக்கு மாற்றல்ல. தொலைவில் உள்ள தடுப்புகளுக்குத் தப்பி வரும் மலிவான ட்ரோன் கூட்டத்தை வாசலில் தடுக்கும் கடைசிக் காவல்.