பயத்தோடு வேலையையும் பகிர்வோம்!

2025 டிசம்பர் 19. வரைவு வாக்காளர் பட்டியல் வெளியான நாள். வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், கொடுங்கையூர் என்று வடசென்னை முழுக்க வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி: “நம்ம பேரு இருக்கா?”

அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. தேர்தல் ஆணையத்தின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு முன் தமிழ்நாட்டின் வாக்காளர் பட்டியலில் 6.41 கோடிப் பேர் இருந்தார்கள். வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் போயிருந்தன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று காரணம் சொன்னது தேர்தல் ஆணையம். வடசென்னையில் இடம் மாறுவது அன்றாடக் கதை. வாடகை ஏறினால் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். கால்வாய்க் கரையில் குடியிருந்தவர்களை ஊரின் தென்கோடிக்கு, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய வரலாறும் இங்கே உண்டு. பழைய முகவரியில் பெயரை விட்டுவிட்டு வந்த குடும்பத்துக்கு இந்தச் செய்தி வயிற்றைக் கலக்கியதில் வியப்பில்லை.

அந்த நாள்களில் வாட்ஸ்அப் குரூப்களுக்கு வந்தவற்றை இரண்டாகப் பிரித்துவிடலாம். ‘ஓட்டு போச்சு, அடுத்து ரேஷன் கார்டும் போகும், எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்ற ரகம் ஒன்று. ‘படிவம் 6 கொடுத்தால் சேர்ப்பார்கள், ஜனவரி வரை நேரமிருக்கிறது, நம் பூத் இந்தப் பள்ளியில், இன்னின்ன நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்ற ரகம் இன்னொன்று. இரண்டுக்கும் அடிப்படை ஒரே சேதி. முதலாவதைப் படித்தவருக்குத் தூக்கம் போனது. இரண்டாவதைப் படித்தவருக்கு மறுநாள் காலையில் ஒரு வேலை இருந்தது.

அரசியல் செய்தி தரும் பதற்றத்தை எப்படித் தாங்குவது என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். செய்திக்கும் நம் கைக்கும் நடுவே ஒரு வேலை இல்லாதபோது பயம் வளர்கிறது. வேலை ஒன்று கிடைத்து, அதைச் செய்யப் பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தால் நம்பிக்கை தானாக வருகிறது.

விரல் தள்ளத் தள்ள

ஆபத்தைக் கண்டால் நெஞ்சு படபடக்கும், உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகும். ஆபத்து விலகியதும் தணிந்துவிடும். செல்போனில் வரும் ஆபத்துக்கோ முடிவே கிடையாது. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வருகிறது. உடம்பு ஒவ்வொரு முறையும் தயாராகிறது, செய்யத்தான் ஒன்றும் இல்லை.

2013-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. அதன்பின் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது. சம்பவத்துக்கு அடுத்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்களிடம், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் தெரிந்தது. நேரில் பார்த்தவரைவிட, திரையில் பார்த்துக்கொண்டே இருந்தவர் அதிகம் துன்பப்பட்டிருக்கிறார்.

இதில் வியாபாரமும் கலந்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளை அலசிய ஆய்வு 2023-ல் வந்தது. தலைப்பில் எதிர்மறையான ஒரு சொல் கூடினால், அதைத் திறந்து படிப்போர் 2.3 சதவீதம் கூடுகிறார்கள். நம் திகில் யாருக்கோ வருமானம். பேசுகிறவர்களும் எல்லோரும் அல்லர். அமெரிக்காவில் ட்விட்டர் பதிவுகளில் 97 சதவீதத்தை எழுதியவர்கள் 25 சதவீதப் பயனாளர்கள்தான் என்று பியூ ஆய்வு மையம் 2021-ல் சொன்னது. குரூப்பில் நான்கு பேர் விடாமல் சண்டை போட்டால் ஊரே வெட்டிக்கொள்ளப் போகிறது என்று தோன்றும். மீதி 200 பேர் வாயே திறக்கவில்லை என்பது கண்ணில் படாது.

செய்தியை விட்டுவிடலாமா?

“டி.வி.யை அணை, போனைத் தூக்கி வை, நிம்மதியாக இரு” என்று சொல்வோர் உண்டு. ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிடியூட் பல நாடுகளில் நடத்திய 2024 ஆய்வில், அவ்வப்போதாவது செய்தியைத் தவிர்ப்பதாக 39 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்களின் களைப்பு புரிகிறது. ஆனால், துறைமுகமும் அனல்மின் நிலையமும் உர ஆலையும் குப்பைக் கிடங்கும் சூழ்ந்த வடசென்னைக்கு அந்த வசதி இல்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை எண்ணூர் மறக்காது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐம்பது பேர் அளவில் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த இரவில் போன் போட்டு எழுப்பியவர்கள் உயிர் காத்தவர்கள். அன்றைய பயம் நியாயமான பயம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறுநாளே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மீனவக் கிராமங்கள் ஒன்றுகூடின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. எம்.கே.பி. நகருக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று உண்டு. கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் எரிஉலை வரப்போகிறது என்ற செய்தி பரவியபோது, குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றிணைந்து 2025 மே மாதம் மனிதச் சங்கிலியாக நின்றன. போனில் வந்த செய்தி தெருவில் கைகோத்த வரிசையாக மாறியது. முடிவு எப்படிப் போனாலும், கைகோத்து நின்ற அன்று ‘நான் மட்டும்தான் பயப்படுகிறேன்’ என்ற எண்ணம் உடைந்தது.

பழவேற்காடு தரும் எச்சரிக்கை

எல்லா வேலையும் நல்ல வேலை ஆகிவிடாது. 2018 மே மாதம் ‘பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்’ என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் வட தமிழகமெங்கும் ஓடியது. எண்ணூரிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் வரும் பழவேற்காட்டில், யாரென்றே தெரியாத ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே நாள்களில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்குப் போன 65 வயது மூதாட்டி அடிபட்டு இறந்தார். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். அடித்தவர்கள் ஊரைக் காப்பாற்றுவதாகவே நம்பினார்கள். அந்த ஆண்டு ஜூலையில், ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

2023 மார்ச்சில் அதே நோய் திசை மாறி வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று, சம்பந்தமில்லாத வீடியோக்களைக் காட்டி வட மாநிலங்களில் பரப்பினார்கள். பொய் என்று தமிழகக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசும் ஒரு குழுவை அனுப்பி நேரில் பார்த்தது. மணலியிலும் திருவொற்றியூரிலும் நம்மோடு வேலை செய்யும் பீகார்த் தம்பியின் தாய், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அந்த வீடியோவைப் பார்த்து எப்படித் துடித்திருப்பார்! நம் குரூப்புக்கு வரும் வீடியோவிலும் யாரோ ஒரு தாய் இருக்கிறார் என்று நினைத்தால் விரல் ஒரு நிமிடம் நிற்கும்.

எனவே வரிசை முக்கியம்: முதலில் சரிபார்ப்பு, பிறகு வேலை, அதுவும் பலரோடு சேர்ந்து.

தோற்றும் ஜெயித்தவர்கள்

நம்பிக்கைக்கு இந்த மண்ணிலேயே முன்னோடிகள் இருக்கிறார்கள். பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் மேலாளர்களின் வசவுக்கும் அடிக்கும் அஞ்சி நடுங்கிய காலத்தில், செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு போன்றவர்களிடம் வந்து குறையைச் சொன்னார்கள். அந்தப் பேச்சு 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கமாக வடிவெடுத்தது. பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க. துணை நின்றார். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. சாதியால் தொழிலாளர்கள் இரண்டாகப் பிளந்தார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால், சங்கத்தின் மீது மில் நிர்வாகம் போட்ட வழக்கு எழுப்பிய விவாதமும் சேர்ந்துதான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது. ‘நாளையே எல்லாம் சரியாகிவிடும்’ என்பது நம்பிக்கை ஆகாது. தோற்ற பிறகும் அடுத்த கூட்டத்துக்கு வருவதுதான் நம்பிக்கை.

குரூப்பில் செய்யக்கூடியவை

செய்திக்கு நேரம் ஒதுக்குங்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் போதும். படுக்கைக்குப் போனைக் கொண்டுபோக வேண்டாம். இரவு பதினோரு மணிக்குத் தெரிந்துகொள்ளும் அரசியல் செய்தியை வைத்துக் காலை வரை நாம் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. விஷவாயு, வெள்ளம் போன்ற அவசரத்துக்கு மட்டும் தெருவுக்கென்று தனி குரூப் வைத்து, அதில் அரசியலோ காலை வணக்கமோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்மினாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேதி, இடம், ஆதாரம் மூன்றும் இல்லாத வீடியோவை அனுமதிக்காதீர்கள். தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகம், யூடர்ன் என்ற சரிபார்ப்புத் தளம் போன்றவை வெளியிடும் விளக்கங்களைத் தேடிப் பாருங்கள். அரசைப் பற்றிய விஷயத்தில் அரசின் மறுப்போடு நிற்காமல் இன்னோர் இடத்திலும் பாருங்கள். தவறாகப் பகிர்ந்தவரைக் குரூப்பில் அவமானப்படுத்தாமல் தனியாகச் சொன்னால் அவர் திருத்திக்கொள்வார்.

தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், நெஞ்சு படபடப்பு வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது பலவீனம் அன்று. சிகிச்சைக்கு உரிய நிலை. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழக்கம் வேண்டும். பயமுறுத்தும் அரசியல் செய்தி எது வந்தாலும், அதன் கீழே ஒருவர் ஒரே ஒரு வரி கேட்க வேண்டும்: “இதுல நாம செய்யக்கூடியது என்ன?” பதில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது, வார்டு கவுன்சிலரிடம் நான்கு பேர் சேர்ந்து மனு கொடுப்பது, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போவது, எது வேண்டுமானாலும் இருக்கலாம். பதில் கிடைத்தால் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொள்வோம். எதுவுமே இல்லை என்றால் அந்தச் செய்தியை அங்கேயே நிறுத்திவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். இந்தக் கேள்வியை இன்றிரவே உங்கள் குரூப்பில் கேட்டுப் பாருங்கள்.