குலை நோய்ப் பூசணமும் அதன் ஆகாரமும்

நெற்பயிருக்கு வரும் வியாதிகளுள் குலை நோய் மிகக் கொடியது. 1919-ம் வருஷத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் இது பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. இதற்குக் காரணம் பைரிகுலேரியா ஒரைசே என்னும் பூசணம். இப்பூசணம் எதை உண்டு வளர்கிறது என்பதை ஆராய்ச்சிச் சாலைகளில் சோதித்தறிந்திருக்கிறார்கள். அவ்விவரம் எருவிடும் மிராசுதாரர்களுக்கும் பயன்படக்கூடியதே.

பூசணத்தைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது ஏறக்குறையச் சமையல் வேலைதான். 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த நீருடன் 20 கிராம் குளுகோஸும், 15 முதல் 20 கிராம் வரை அகர் என்னும் கடற்பாசிச் சத்தும் கூட்டி, ஒரு லிட்டராக்கி, கிருமிகள் மாள ஆவியில் வைத்து ஆறவிட்டால் உறைந்துவிடும். நோய்கண்ட இலையினின்று பூசணத்தை எடுத்து அதன்மேல் வைத்து, சுமார் 28 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் விட்டால் சில தினங்களில் நூலிழைகள் வட்டமாய்ப் படரும். ஆனால் வித்துக்கள் மிகுதியாக உண்டாவதற்கு ஓட்ஸ் கஞ்சியோ வைக்கோல் கஷாயமோ கலந்த பாகம் ஏற்றது. நோய்பட்ட வைக்கோலை வயலோரத்தில் போட்டுவைப்பது எத்தகைய ஆபத்தென்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

சர்க்கரையும் உப்புக்களும் மாத்திரம் கரைத்த நீரில் இது சரிவர வளர்வதில்லை. தயாமின், பயோட்டின் என்னும் இரு வைட்டமின்களையும் அணுவளவேனும் சேர்க்க வேண்டும்.

இனிச் சொல்வதே கவனிக்கத்தக்கது. வித்து முளைப்பதற்கு வெளி ஆகாரம் ஒன்றும் வேண்டியதில்லை, பனித்துளி போதும். முளையின் நுனி இலைமேல் ஒட்டிக்கொண்டு கரிய குமிழாகப் பருக்கிறது. வித்தினுள் சேமித்துள்ள கொழுப்பும் மாவுப்பொருளும் கிளிசரினாக மாறி, குமிழுக்குள் சுமார் 80 வாயுமண்டல அழுத்தத்தை உண்டாக்குகின்றன. இது மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு! அவ்வேகத்தால் இலைத்தோல் துளைபடுகிறது. ஈஸ்டு சத்து முதலியவை கலந்த நீரில் வித்தை இட்டாலோ, இக்குமிழ் உண்டாவது தடைப்படுகிறது. தழைச்சத்தின்றிப் பட்டினி போட்டால், பயிரைத் தாக்கும்போது வேலை செய்யும் ஜீன்கள் சில தட்டிலேயே கிளர்ச்சியுறுகின்றன.

அப்படியாயின் தழைச்சத்தை அள்ளியிடுவது நலமன்றோ என்று சிலர் வினவலாம். அது பெருந்தவறு. நாம் இடும் யூரியா போய்ச் சேருவது பயிருக்கேயன்றி இலைமேலுள்ள வித்துக்கன்று. அதனைப் பெற்ற பயிர் கரும்பச்சையாய்த் தழைத்து, இலை மென்மையாகி, தோலுக்கு உறுதி தரும் மணற்சத்து அதில் குறைகிறது. அடர்ந்த பயிரில் பனியீரமும் நெடுநேரம் தங்குகிறது. உள்ளே நுழைந்த பூசணத்துக்கோ விருந்து காத்திருக்கிறது. தட்டில் காண்பதை அப்படியே வயலுக்குப் பொருத்துதல் கூடாதென்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

ஆகவே யூரியா கிடைத்த மாத்திரத்தில் முழுவதையும் ஒரே தடவையில் வீசிவிடும் வழக்கத்தைக் குடியானவர்கள் விட்டொழித்தல் வேண்டும். மண் பரிசோதனைப்படி, பல தவணைகளாகப் பிரித்து இடுவதே முறை. நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட, நூற்கதிர் வடிவான புள்ளிகள் இலைகளில் தோன்றினால், நோய் அடங்கும்வரை மேலுரமாகத் தழைச்சத்து இடலாகாது. நாற்றங்காலைக் காயவிடுவதும் நோய்க்கு இடந்தரும். கிராம அதிகாரிகள், இத்தகைய புள்ளிகள் கண்ட வயல்களைப் பற்றிக் கதிர் வெளிவருமுன்னரே விவசாய அலுவலருக்குத் தெரிவித்தல் வேண்டும். கதிரின் கழுத்தில் நோய் இறங்கியபின் செய்யத்தக்கது சொற்பமே.