பிறந்த மண்ணிற் காணி வாங்குமுன்

திருகோணமலைத் துறைமுகத்தைக் கண்டு வளர்ந்தவர் எந்நாட்டிற் குடியேறினும், அக்கடலோரத்தில் ஒரு துண்டு காணி வேண்டுமென விழைவது இயல்பே. இலண்டனிலும் தொரொன்ரோவிலும் வாழும் நம்மவர், உப்புவெளியிலோ நிலாவெளியிலோ காணி வாங்குமாறு உறவினருக்குப் பணம் அனுப்புகின்றனர். பணத்தை அனுப்பத் தூண்டுவது பாசம். உரிமையைத் தருவது சட்டம். இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

முதற்கண், வாங்குபவர் யார் என்பதை நோக்குவோம். பிறநாட்டுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவர், தாம் பிறந்த ஊரிலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், 2013 சனவரி 1 முதல் அன்னாருக்குக் காணியை விற்பதைத் தடை செய்துள்ளது. அடுக்குமாடி வீடு முதலிய சில விதிவிலக்குகள் உண்டு, குத்தகைக்கும் இடமுண்டு. இரட்டைக் குடியுரிமை பெற்றவரை இத்தடை கட்டுப்படுத்தாது.

“தம்பியின் பெயரில் எழுதினாற் போயிற்று” என்பார் உளர். தம்பி நல்லவரே. ஆயினும் உறுதி அவர் பெயரிலிருப்பின், ஏட்டின்படி காணியும் அவருடையதே. அவர் காலத்தின்பின் அவர் மக்கள் உரிமை கோருவர். அண்ணனின் கண்ணீர் பதிவேட்டில் ஏறாது.

அடுத்து, காணி எத்தகையது? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்ட அரச காணியை, வைத்திருப்பவர் தம் விருப்பப்படி விற்க இயலாது. போரினால் மக்கள் இடம்பெயர்ந்த மாவட்டமாதலால், உறுதி ஒருவரிடமும் குடியிருப்பு வேறொருவரிடமும் இருத்தல் கூடும்.

ஆதலின், விற்பவரின் சட்டத்தரணியையே நம்பாது, தமக்கென ஒருவரை அமர்த்துதல் அறிவுடைமை. அவர் காணிப் பதிவகத்திற் பழைய உறுதிகளையும் ஈடுகளையும் ஆராய்வார்; நில அளவையாளரைக் கொண்டு எல்லைகளைச் சரிபார்ப்பிப்பார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும். எழுதிய உறுதியைத் தாமதமின்றிப் பதிதலும் இன்றியமையாதது. பின்னர் எழுதிய உறுதி முந்திப் பதியப்படின், அதுவே மேலோங்கக்கூடும். நேரில் வர இயலாதவர் உறவினருக்கு அற்றோணித் தத்துவம் வழங்கலாம். அதனை அக்காணி ஒன்றுக்கே வரையறுத்தல் நன்று.

பெண் கொடுக்குமுன் ஊரெல்லாம் விசாரிப்பவர் நாம். ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுக்குமுன்னும் அவ்வாறே விசாரிப்போமாக. அது உறவினர்மீது கொள்ளும் ஐயமன்று. உறவு கெடாமற் காக்கும் வழியே.