தென்னையின் கீழ்த் தீவனப் புல்லுக்கு நைதரசன் இடல்

குருநாகல், புத்தளம், கம்பகா மாவட்டங்களிலும் வடக்கே பளைப் பகுதியிலும் தென்னை மரங்களின் கீழ் வெற்றாய்க் கிடக்கும் நிலம் மிகுதி. கறவை மாடு வளர்ப்போர் அந்நிலத்தில் தீவனப் புல் பயிரிட்டு இரட்டைப் பயன் பெறலாம். இதற்குக் கோ-3 என்னும் புல் ஏற்றது. கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட இவ்வினம் நன்கு வேரூன்றிய பின் ஏறத்தாழ 45 நாட்களுக்கு ஒரு முறை அறுக்கத்தக்கது.

புல் கொண்டு செல்லும் சத்து

1,000 கிலோகிராம் பச்சைப் புல்லில் உலர்பொருள் ஏறத்தாழ 200 கிலோகிராம். அதில் அடங்கிய நைதரசன் சுமார் 3 கிலோகிராம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஆகவே அவ்விழப்பை யூரியாவினால் மட்டும் ஈடுசெய்வதாயின் ஆறரைக் கிலோகிராம் தேவைப்படும். ஈடு செய்யாவிடின் புல் மஞ்சளித்துக் குன்றுவதோடு, தென்னைக்குரிய சத்தையும் கவர்ந்துகொள்ளும்.

நிழலும் பசளையும்

பயிர் நைதரசனைப் புரதமாக்குவதற்குச் சூரிய ஒளி இன்றியமையாதது. இருபத்தைந்து வயதைக் கடந்த உயர்ந்த தோப்பில் ஒளி தாராளமாக விழும். அங்கே இட்ட பசளைக்குத் தக்க விளைச்சல் கிடைக்கும். ஓலை நெருங்கிய நடுவயதுத் தோப்பிலோ பசளையைக் கூட்டினும் விளைச்சல் அதற்கேற்பக் கூடாது. அங்கே அளவைக் குறைத்தலே சிக்கனமாகும்.

மாட்டுக்கு நேரும் ஆபத்து

நிழலில் மிகைப் பசளை இடுவது பணவிரயம் மட்டுமன்று. ஒளி போதாதவிடத்து நைதரசன் புரதமாக மாறாது, நைத்திரேற்றாகத் தண்டின் அடிப்பகுதியில் தங்கும். கம்பு, இறுங்கு முதலிய பயிர்களில் இவ்வியல்பு மிகுதி. மாட்டின் இரைப்பையில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி இரத்தத்திற் கலப்பின், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து கபில நிறமடையும். மாடு மூச்சுத் திணறி இறக்கவும் கூடும். ஐயம் எழுந்தால் அப்புல்லை உடனே நிறுத்திக் கால்நடை வைத்தியரை அழைத்தல் வேண்டும். புல்லை உலர்த்துவதால் இந்நஞ்சு நீங்காது.

இடும் முறை

1. ஒவ்வோர் அறுவடையின் பின்னும் பசளையைச் சிறிது சிறிதாகப் பிரித்து இடுக.
2. மண் ஈரமாயிருக்கும்போது இட்டு மண்ணாற் பரப்பி மூடுக. வறண்ட தரையில் தூவிய யூரியா அமோனியாவாக ஆவியாகும்.
3. மரத்தைச் சுற்றி 2 மீற்றர் வரையுள்ள வட்டத்தைத் தென்னைக்கே விடுக. தென்னைக்குரிய பசளையைத் தனியே இடுக.
4. பசளை இட்டவுடன், அல்லது வரட்சியின் பின் முதல் மழை பெய்தவுடன் புல்லை அறுத்து ஊட்டாது, ஒரு வாரமேனும் பொறுத்திருக்க.
5. ஐயமுள்ள புல்லின் அடித்தண்டை நீக்கி, வேறு தீவனத்துடன் கலந்து சிறிது சிறிதாக ஊட்டுக.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது யூரியாவை மட்டும் நம்பியிருந்தோர் பெரிதும் இடருற்றனர். தொழுவத்து எருவும் வேலியோரத்துக் கிளிரிசீடியா இலையும் நைதரசன் தருவனவே. அவற்றை முதலில் இட்டுக் குறைவை யூரியாவினால் நிரப்புதல் செலவைக் குறைக்கும், மண்ணையும் காக்கும்.