கோயிலுக்கு ஏன் கூடாரம்?

கிரீஸின் பெலோபொனீஸ் மலையில், 1,130 மீட்டர் உயரத்தில் உள்ள பாசே அப்பல்லோ கோயிலுக்குப் போனால், முதலில் கண்ணில் படுவது தூண்களல்ல, பெரிய வெள்ளைக் கூடாரம். பார்க்க ஏமாற்றம்தான். ஆனால் 1987 முதல் கோயிலைக் காத்துவருவது அதுதான்.

ஏன்? கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழும்பிய இக்கோயில் பெரும்பாலும் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்த மழைநீர் லேசான அமிலம். கல்லை மெல்ல அரிக்கும். விரிசலில் தங்கிய நீர் குளிர்கால இரவில் உறைந்து சுமார் 9 சதவீதம் பருக்கும். ஆப்பு இறக்கியதுபோல் கல் விரியும். பகலில் உருகி, இன்னும் ஆழத்தில் இறங்கி, மீண்டும் உறையும்.

ஆக, மழையை மறித்தால் இரண்டு சேதமும் வெகுவாகக் குறையும். கூடாரத்துக்குள் சீரமைப்பும் நடக்கிறது. தற்காலிகமாகப் போட்ட கூடாரம் முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது!