கையுறையின் இருபுறமும்

1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், அறுவைக்கு வந்த சிறார் சிலருக்குக் காரணம் விளங்காத பேரிடர் நேர்ந்தது. மயக்கம் ஏற்றிய சிறிது நேரத்தில் குருதியழுத்தம் சரிந்தது, மூச்சுக்குழல் இறுகியது, தோலில் தடிப்பு எழுந்தது. இத்தகைய வேளையில் முதல் ஐயம் மயக்க மருந்தின்மேல் விழுவது இயல்பே. ஆயினும் அச்சிறாரை ஒருசேர வைத்து ஆராய்ந்தபோது வேறோர் ஒற்றுமை புலப்பட்டது. அவருள் பெரும்பாலோர், முதுகெலும்பு முழுதும் மூடாமல் தண்டுவடம் வெளித்தெரியும் நிலையில் பிறந்தவர்கள். மருத்துவர் ‘ஸ்பைனா பைபிடா’ என்று குறிக்கும் பிறவிக்குறை அது.

இக்குழந்தைகளின் வாழ்க்கை அறுவையோடுதான் தொடங்குகிறது. பிறந்த சில நாளுக்குள் முதுகின் பிளவு மூடப்படும். மூளையில் நீர் தேங்கினால் அதனை வயிற்றுக்கு இறக்கும் குழாய் பொருத்தப்படும். வளர வளர அதனை மாற்றவும் நேரும். சிறுநீர்ப்பைக்குரிய நரம்புகள் செயல்குன்றியிருப்பதால், பலருக்கு நாள்தோறும் பலமுறை வடிகுழல் செலுத்தியே சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அக்காலத்தில் கையுறையும் இரப்பர், வடிகுழலும் இரப்பர். தோலென்னும் காவலைக் கடந்து, ஈரச் சவ்வுகள் வழியாகவும் திறந்த திசுக்கள் வழியாகவும் இரப்பர்ப்பாலின் புரதங்கள் அவ்வுடலை ஆண்டுக்கணக்கில் தீண்டிவந்தன. உடல் அவற்றைப் பகையெனக் கொண்டு ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புரதத்தை ஆக்கி வைத்துக் காத்திருந்தது. சிறுநீர்ப்பை வெளியே திறந்தபடி பிறந்து அறுவைமேல் அறுவை காணும் குழந்தைகளிடமும் இந்த இரப்பர் ஒவ்வாமை மிகுந்திருந்தது. எனவே பழியைப் பிறவிக்குறையின்மேல் மட்டும் சுமத்த இயலாது. அதனைச் சீர்செய்ய எடுத்த கருவிகளுக்கும் அதில் பங்குண்டு.

அதே கையுறையின் உட்புறம் இருந்த கைகளின் கதை இன்னும் பழையது. அறுவை அரங்கிற்குள் இரப்பர்க் கையுறை நுழைந்ததே ஒரு செவிலியைக் காப்பதற்காகத்தான். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவையரங்கின் தலைமைச் செவிலியாக இருந்த கரோலின் ஹாம்டனின் கைகள், நுண்ணுயிர்க் கொல்லியாகப் பயன்பட்ட பாதரசக் கரைசலால் புண்பட்டன. 1889-90 குளிர்காலத்தில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் இரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய கையுறைகள் செய்வித்தார். 1890-இல் இருவரும் மணந்துகொண்டது மருத்துவ வரலாறு விரும்பிச் சொல்லும் செய்தி. நோயாளிக்கும் கையுறை காவலாகும் என்பது பின்னரே உணரப்பட்டது.

1987-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், எல்லா நோயாளிகளின் குருதியையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாளுமாறு அறிவுறுத்தியது. எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிக் கிருமிகள் ஆகியவற்றின் அச்சம் சூழ்ந்த காலம் அது. கையுறைத் தேவை பன்மடங்கு பெருகியது. மலேசியத் தோட்டங்களின் பால் உலகெங்கும் மருத்துவர் கைகளில் ஏறியது. அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்களுள் தமிழர் பெருந்தொகையினர் என்பதை இங்கே நினைவில் இருத்துவது தகும். அவசரத்தில் செய்த கையுறைகள் போதிய அளவு கழுவப்படாமையால் புரதம் அவற்றில் மிகுதியாகத் தங்கியது என்று ஆய்வாளர் பலர் கருதினர். கை எளிதில் நுழைவதற்காகத் தூவிய சோளமாவு கேட்டைப் பெருக்கிற்று. புரதம் மாவோடு ஒட்டிக்கொள்ளும். கையுறையைக் கழற்றும்போதெல்லாம், மாவரைக்கும் ஆலையில் போல, அத்தூள் காற்றில் பரவும். கையுறையே அணியாதவரும் அதனை மூச்சோடு உள்வாங்கினர். செவிலியரும் மருத்துவரும் கண்ணரிப்பு, தும்மல், இழுப்பு எனத் துன்புற்றனர். சிலர் தொழிலையே விட நேர்ந்தது. தொடர்ந்து இரப்பர்ப் பாலைத் தீண்டும் மருத்துவப் பணியாளரில் 8 முதல் 12 விழுக்காட்டினரிடம் இவ்வொவ்வாமைக்கான உணர்திறன் உண்டென்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வுக்கழகம் 1997-இல் எச்சரித்தது.

ஆய்வின் மிக அழகிய பகுதி இனிமேல்தான் வருகிறது. ஒவ்வாமை ஒன்றாயினும், அதனைத் தூண்டிய புரதங்கள் இரு சாராரிடமும் வேறுவேறாக இருந்தன. குழந்தைகளின் எதிர்ப்புரதங்கள் பெரும்பாலும் ‘ஹெவ் பி 1’, ‘ஹெவ் பி 3’ என்பவற்றைப் பற்றின. இவை இரப்பர்த் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக் கிடப்பவை. நீரில் எளிதில் கரையாதவை. சவ்வோடு நேரே உராயும் குழலும் கையுறையும் இவற்றை உடலுக்குள் சேர்த்தன. பணியாளரின் எதிர்ப்புரதங்களோ ‘ஹெவ் பி 5’, ‘ஹெவ் பி 6’ என்னும் நீரில் கரையும் புரதங்களை நாடின. மாவேறிப் பறந்தவை இவையே. இவற்றுள் ‘ஹெவ் பி 6’-இலிருந்து பிறக்கும் ஹெவீன், மரத்தின் தற்காப்புக்கு உரியது. வெட்டிய வாயில் பால் உறைந்து ஒட்டுப்பாலாவதற்குத் துணைநிற்பது அது, பூஞ்சையையும் தடுக்கும். வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம் முதலியவற்றில் ஹெவீனை ஒத்த புரதப்பகுதி இருப்பதால், இரப்பர் ஒவ்வாமை உடையோர் சிலருக்கு அப்பழங்களை உண்டாலும் உதடும் வாயும் அரிக்கும். அறுவைக்குமுன் ‘எந்தப் பழமேனும் ஒத்துக்கொள்ளாதா?’ என்று மயக்க மருத்துவர் கேட்பது வீண்பேச்சன்று.

நோயின் நுட்பத்தோடு ஒப்பிட்டால் தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. மாவை நீக்கி, புரதத்தைக் கழுவிக் குறைத்தால் போதும். ஜெர்மனி 1998-இல் மாவிட்ட இரப்பர்க் கையுறைகளைப் பணியிடங்களிலிருந்து விலக்கியது; அதன்பின் அங்கே மருத்துவப் பணியாளரிடையே புதிய ஒவ்வாமைகள் பெரிதும் குறைந்தன. அமெரிக்காவின் தடை 2017 சனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தெளிவான சான்று கையில் இருந்தும் ஏறத்தாழ இருபதாண்டுத் தாமதம்; இதற்கு அறிவியலைக் குறைசொல்ல வழியில்லை. முதுகுப் பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் அறுவை தொட்டே இயற்கை இரப்பரை விலக்கிய மருத்துவமனைகளில், பின்னாளில் உணர்திறன் பெற்றோர் தொகை தெளிவாகக் குறைந்தது.

இன்று பல அரங்குகளில் நைட்ரைல் முதலிய செயற்கை இரப்பர் கையுறைகள் வந்துவிட்டன. அவற்றில் மரத்தின் புரதம் இல்லை. ஆயினும் இரப்பரை உறுதியாக்கச் சேர்க்கும் தையூரம், கார்பமேட்டு ஆகிய விரைவூக்கிகள் சிலரது தோலில் ஓரிரு நாள் கழித்து அழற்சியை எழுப்புகின்றன. இது ஐ.ஜி.இ. சார்ந்ததன்று; உயிரைப் பறிப்பதுமன்று; நாள்முழுதும் கையுறையோடு உழைப்பவரின் கைகளையே பெரிதும் வாட்டுவது. விரைவூக்கி சேராத கையுறைகளும் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன. விலைதான் சற்று மிகுதி.