ஆபத்தான கட்டடங்கள் (இங்கிலாந்து, வேல்சு)

இடிந்து விழக்கூடிய நிலையில் உள்ள அல்லது தாங்கமுடியாத சுமை ஏற்றப்பட்ட கட்டடமோ அதன் ஒரு பகுதியோ ஆபத்தான கட்டடம் எனப்படுகிறது. சாய்ந்த புகைபோக்கியும் இதில் அடங்கும். இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ளூராட்சி மன்றங்கள் 1984 ஆம் ஆண்டின் கட்டடச் சட்டத்தின்படி இவற்றைக் கையாளுகின்றன. உள் இலண்டனுக்கு மட்டும் 1939 ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு.

வழக்கமான வழி பிரிவு 77. மன்றம் நீதவான் நீதிமன்றத்தை நாடும். ஆபத்தை நீக்கும் வேலையைச் செய்யுமாறு நீதிமன்றம் உரிமையாளருக்கு உத்தரவிடும். அவர் விரும்பினால் கட்டடத்தை இடித்துவிடலாம். சுமைதான் காரணம் என்றால் பயன்பாடு கட்டுப்படுத்தப்படும். உத்தரவுக்குப் பணியாவிட்டால் மன்றமே வேலையைச் செய்து செலவை அவரிடம் வசூலிக்கும், அபராதமும் உண்டு.

நீதிமன்றம் செல்ல நேரமில்லாதபோது உதவுவது பிரிவு 78. மன்றம் உடனே முட்டுக் கொடுக்கலாம், இடிக்கலாம். முடிந்தால் உரிமையாளருக்கும் குடியிருப்போருக்கும் முன்னறிவிப்புத் தரவேண்டும். ஆனால் சிக்கல் இங்குதான் உள்ளது. செலவைக் கேட்டு வழக்கு வரும்போது, பிரிவு 77 இன் வழியே நியாயமாகச் சென்றிருக்க முடியுமா என நீதிமன்றம் ஆராயும். முடியும் என்று கண்டால் உரிமையாளரிடம் ஒரு காசும் வாங்க முடியாது. செலவு ஊர்மக்களின் வரிப்பணத்தில் விழும். காத்திருந்தாலோ சுவர் நடைபாதையில் விழலாம். விரிசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அலுவலர் இதை அங்கேயே தீர்மானிக்கவேண்டும்.

இங்கிலாந்தில் மரபுரிமைப் பட்டியலில் உள்ள கட்டடமானால், இடிக்க முனையுமுன் பழுதுபார்க்கும் அதிகாரங்களைப் பயன்படுத்தலாமா என மன்றம் முதலில் ஆராயவேண்டும் என்கிறது 1990 ஆம் ஆண்டின் சட்டம்.